நிறுத்தத்தை எடுத்தவர்

மேற்குத் தாம்பரம்
2 ஜூன் 2024

அன்புள்ள ஜேசனுக்கு,

கர்த்தருடைய தயவில் நானும் அம்மாவும் நலம். வெயிலுக்கு அம்மாவின் முழங்கால் வலி கூடியிருக்கிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. உன் முதுகு வலி தேவலையா? புனேயில் மழை பிடித்துவிட்டதா?

போன் பண்ணாமல் எதற்கு மெயில் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன். நீ "நெட்வொர்க் சரியில்லக்கா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. ஸ்நேகா என்று ஒரு பெண். கோவிலம்பாக்கத்தில் உதயா என்பவர் கட்டுகிற அடுக்குமாடியில் சைட் இன்ஜினியராம். "மேடம், ஜோசலின் நீங்கதானா? உங்க பேரைத்தான் மேடம் தினம் காலைல எழுந்ததும் ஸ்கிரீன்ல பாக்கறேன்" என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னபோதுதான் உன் வேலை தெரிந்தது.

உங்கள் சாப்ட்வேரை எங்கள் கம்பெனி வாங்கியதே என்னால்தான். தம்பி வேலை பார்க்கிற இடம் என்று எங்கள் முதலாளி தட்சிணாமூர்த்தி சாரிடம் மல்லுக்கட்டினேன். சைட்டில் ஒரு வேலை முடிந்தால் யார் வந்து பார்க்கவேண்டும், யார் சரி சொன்ன பிறகு அடுத்த வேலை தொடங்கவேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் போனுக்குப் போய்ச்சேரும். அந்த வரிசையை அவரவர் கம்பெனி இஷ்டப்படி அமைத்துக்கொள்ளலாம், அதுதான் இதன் பெருமை என்று நீயே இங்கே வந்து எல்லாருக்கும் பாடம் எடுத்தாய். ஊரப்பாக்கம் சைட்டில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, மேஸ்திரிகளோடு சண்டை போட்டு, அந்த வரிசையை ஒவ்வொன்றாக அமைத்தவள் நான். அதை அப்படியே எடுத்து, ரெடிமேட் சட்டை மாதிரி மடித்து, "ஜோசலின்" என்று பேர் ஒட்டி மற்ற பில்டர்களுக்கு விற்கிறாயா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

அதில் "நிறுத்து" என்று ஒரு பட்டன் வைத்தேனே, அதற்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். சைட்டில் யாருக்கு ஆபத்து என்று தோன்றினாலும் அழுத்தலாம். அழுத்தியவர்தான் எடுக்கவேண்டும். முதலாளியே ஆனாலும் அடுத்தவர் எடுக்கமுடியாது. "முதலாளி நானா நீயாம்மா?" என்று தட்சிணாமூர்த்தி சார் குதித்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார். என் உத்தியோகத்தில் நான் கர்வப்படுகிற விஷயம் அது ஒன்றுதான். அதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாய்.

பதில் எழுது. போன் பண்ணாதே. பிள்ளைக்கு என் அன்பு.

அக்கா
ஜோசலின்

---

புனே
14 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை கொட்டுகிறது. முதுகுக்கு டாக்டர் நாற்காலியை மாற்றச் சொன்னார். வேலையை மாற்றச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பெல்ட் அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

கோபப்படுவாய் என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது. சட்டம் பேசினால், உங்கள் கம்பெனி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அக்காவிடம் சட்டம் பேசுவேனா? கேட்டிருக்கவேண்டும். கேட்காதது தப்பு.

ஆனால் நடந்ததைக் கேள். எங்கள் மேனேஜர் தன் பேரை வைக்கப் பார்த்தார். "இதை யோசிச்சது எங்க அக்கா, அவங்க பேர்தான் வரணும்" என்று மீட்டிங்கில் அடம் பிடித்தவன் நான். இன்றைக்கு எங்கள் கம்பெனியில் அதிகமாகப் போகிற சரக்கு அதுதான். படப்பையில் ஒருத்தர், கேளம்பாக்கத்தில் ஒருத்தர், கோயம்புத்தூரில்கூட வாங்கியிருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் "ஜோசலின் போட்டாச்சா?" என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன்னிடம் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்றிருந்தேன். அந்தப் பெண் கெடுத்துவிட்டாள்.

சிரித்துவிடு, ப்ளீஸ். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
ஜேசன்

---

மேற்குத் தாம்பரம்
20 ஜூலை 2024

ஜேசன்,

நாங்கள் சுகம். பெல்ட் வந்தது, அம்மா அதை ஜெபக்கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தாள். நீங்கள் எல்லாரும் சுகமா?

நான் சிரிக்கவில்லை. பட்டனைப் பற்றி அத்தனை எழுதினேன், நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது.

போன சனிக்கிழமை ஸ்நேகா தாம்பரத்துக்கு வந்திருந்தாள். ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து அவள் போனைக் காட்டினாள். என் பட்டன் இருக்கிறது. சிவப்பு நிறம்கூட நான் வைத்ததுதான். ஆனால் இவள் அழுத்தினால் ஓனர் தன் போனிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்தது யார் என்றும் காட்டாது, "நிறுத்தம் நீக்கப்பட்டது" என்று மட்டும் வரும். "இது தெரியாம ரெண்டு தடவை அழுத்திட்டேன் மேடம். ரெண்டு தடவையும் சாப்பிட்டு வர்றதுக்குள்ள போயிடுச்சு. நாமதான் சரியா அழுத்தலையோன்னு நினைச்சேன்" என்றாள். கொத்தனார்கள் இவளைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

இதற்கா என் பேர்? பிரேக் பிடிக்காத பஸ்ஸில் என் பேரை எழுதி ஓட்டுகிறாய். பட்டனே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். இருக்கிற மாதிரி இருந்து இல்லாமல் போவதை நம்பித்தான் மனுஷன் ஆபத்துக்குக் கீழே போய் நிற்பான்.

இரண்டில் ஒன்று செய். நான் வைத்த மாதிரியே பட்டனைத் திருப்பி வை. முடியாதென்றால் என் பேரை எடு.

ஜோசலின்

---

புனே
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பிள்ளைக்குக் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. அம்மாவின் சுகர் எப்படி இருக்கிறது?

நீ சொன்னதை மேலே எடுத்துப் போனேன். அக்கா, ஒன்றைப் புரிந்துகொள். நாங்கள் விற்பதே வளைந்துகொடுப்பதைத்தான். பத்து பில்டரிடம் போனால் பத்து பேரும் முதலில் கேட்கிற கேள்வி, "எனக்குத் தெரியாம வேலை நிக்குமா?" என்பதுதான். நிற்கும் என்று சொன்னால் அடுத்த காபி வராது. தட்சிணாமூர்த்தி சார் உனக்குப் பயந்தவர். எல்லாரும் அப்படி இல்லை. முதலாளி விரும்பினால் நீ வைத்த மாதிரியே கட்டாயமாக்கிக்கொள்ளலாம், அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அவர்கள் விரும்பவில்லை என்றால் நான் என்ன செய்வது?

உன் பேரை எடுத்துவிட்டோம். நேற்றிலிருந்து அது "சைட் சேஃப்டி ப்ளஸ்". நீ கேட்டது நடந்துவிட்டது. இனிமேலாவது போனில் பேசுவோமா?

அன்புடன்
ஜேசன்

---

மேற்குத் தாம்பரம்
22 செப்டம்பர் 2024

ஜேசன்,

அம்மா சுகம். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கோவிலம்பாக்கத்தில் மூன்றாவது மாடி பால்கனி விழுந்துவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனி. கான்கிரீட் பலம் பிடிக்கிறவரை அடியில் முட்டு நிற்கவேண்டும். மழை பெய்து ஈரம் காயாமல் இருந்ததால் முட்டுகளைப் பிரிக்கக்கூடாது என்று ஸ்நேகா நிறுத்து அழுத்தியிருக்கிறாள். யாரோ எடுத்தார்கள். போனில் பச்சை விளக்கு வந்ததைப் பார்த்து சென்ட்ரிங் ஆட்கள் போய் முட்டுகளைப் பிரித்தார்கள். அடியில் நின்றவர் ரங்கன் என்பவர். இடுப்பிலும் காலிலும் விழுந்திருக்கிறது. கோவளம் பக்கத்துக் குப்பத்து ஆள். கடலில் பிழைப்பில்லை என்று கட்டட வேலைக்கு வந்தவராம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

வீடு வாங்க வருகிறவர்களுக்குப் பால்கனியைக் காட்டவேண்டும் என்று உதயாவுக்கு அவசரம். இப்போது அந்த உதயா, "நிறுத்தத்தை எடுத்தது அந்தப் பொண்ணுதான், அவதான் பர்மிஷன் கொடுத்தா" என்கிறார். போலீசிலும் அப்படியே சொல்லியிருக்கிறார். யார் எடுத்தார் என்று ஸ்கிரீனில் காட்டாதே, அந்த தைரியம்.

விபத்து நடந்தது உனக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரிந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? உடனே எழுது.

ஜோசலின்

---

மேற்குத் தாம்பரம்
9 அக்டோபர் 2024

ஜேசன்,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நலம் விசாரிக்க எனக்கும் மனசில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரங்கனின் மனைவி முத்தாலம்மாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மேடவாக்கத்தில் மீன் விற்கிறவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக இங்கே வந்துவிடுகிறாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நீயும் கம்பெனி ஆளா மேடம்?"

"இல்லைம்மா. நான் ஊரப்பாக்கத்துல வேற கம்பெனி."

"அப்புறம் இன்னாத்துக்கு வந்துகீற? அன்னிக்கு ஒர்த்தரு வந்தாரே, உன் மூஞ்சிய அப்டியே உரிச்சு வெச்சா மாதிரி. அவுரு உன் தம்பியா?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஓனரு கூட வந்தாரு. கையில ஆப்பிள் பை. வாசப்படியாண்டயே நின்னுகினு இருந்தாரு, உள்ள வரல. 'எப்படி இருக்காரு?'ன்னாரு. உள்ள போய் நீயே பாத்துக்கோன்னேன். பாக்கல. பையை வெச்சுட்டுப் பூட்டாரு. அந்த ஆப்பிளை நான் தொடல மேடம். பக்கத்து பெட்டுக்குக் குடுத்துட்டேன்."

விபத்து நடந்த அடுத்த வாரமே நீ இங்கே வந்திருக்கிறாய். நான் உனக்கு எழுதும்போது நீ சென்னையில்தான் எங்கோ ஹோட்டலில் இருந்திருக்கிறாய். பல்லாவரத்தைத் தாண்டி வீட்டுக்கு வர மனசு வரவில்லை, அவ்வளவுதானே?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நிறுத்தத்தை எடுத்த அன்றைக்கு உதயாவிடமிருந்து உனக்குப் போன் வந்ததா? ஆமாம், இல்லை. ஒரு வார்த்தை போதும்.

ஜோசலின்

---

மேற்குத் தாம்பரம்
10 அக்டோபர் 2024

மகன் ஜேசனுக்கு,

உன் தாயார் ரத்தினபாய் எழுதுகிறது. எனக்குச் சுகமில்லை. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். செப்டம்பரில் காய்ச்சலில் கிடந்தேன். அதே செப்டம்பரில் நீ கோவிலம்பாக்கத்தில் இருந்தாய் என்று உன் அக்காள் வந்து சொன்னதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

அங்கேயிருந்து வீட்டுக்கு எத்தனை தூரம்? யாரோ ஒரு முதலாளி கூப்பிட்டால் விமானம் ஏறி வருகிறாய். பெற்றவள் இருக்கிற தெருவுக்கு வர வழி தெரியவில்லையா? எங்கே சாப்பிட்டாய்? யார் உனக்குப் பாய் விரித்தார்கள்?

உன் சாப்ட்வேர் எனக்கு விளங்காது. உன் அக்காள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாளாம். அதற்குப் பதில் எழுது. அதை விட்டுவிட்டு எனக்கு மருந்து மாத்திரை விசாரித்து எழுதாதே. கிடைக்கவில்லை என்று நீ சொல்லமுடியாதபடி இதைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

என் பேரனுக்கு முத்தங்கள். உனக்கு இல்லை.

அம்மா

---

புனே
28 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

அம்மாவின் கடிதம் வந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். அம்மாவுக்கு இப்போது காய்ச்சல் இல்லையே? தீபாவளி மழையில் வெளியே போகவிடாதே.

செப்டம்பரில் வந்தது ஆபீஸ் வேலையாக. ஒரே நாள்தான், போகும்போதே திரும்ப டிக்கெட். வீட்டுக்கு வரமுடியவில்லை. வந்திருக்கவேண்டும்.

ரங்கனுக்காக நாங்கள் இருவரும் தினமும் ஜெபிக்கிறோம். இங்கே எலும்பு டாக்டர் ஒருவர் தெரிந்தவர், அவரிடம் ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்கலாம். ஸ்நேகா விஷயத்தைப் பொறுத்தவரை, யார் எடுத்தார்கள் என்பது எங்கள் சர்வரில் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் அதை வெளியே கொடுக்கமுடியாது. எங்கள் வக்கீல்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் நாம் இருவரும் இதைப் பற்றி எழுதிக்கொள்வதே நல்லதல்ல என்று சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாக இரு அக்கா. ஸ்நேகாவுக்கு ஒன்றும் ஆகாது.

உன் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்.

அன்புடன்
ஜேசன்

---

மேற்குத் தாம்பரம்
2 நவம்பர் 2024

ஜேசன்,

ஜெபம், டாக்டர், வக்கீல், என் ரத்த அழுத்தம். எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒரு வார்த்தையை எழுதவில்லை.

கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். உன் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் கேட்டேன்.

அன்றைக்கு உதயா போன் பேசும்போது ஸ்நேகா அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். "பிரிக்கக்கூடாது சார், ப்ளீஸ் சார்" என்று கெஞ்சிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் இவளைக் கையால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "சொல்லுங்க ஜேசன்... மேல மூணு புள்ளியா? ஆங், இருக்கு... எடுத்தாச்சு, தேங்க்ஸ்" என்று சொன்னாராம். ஜேசன் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியாது. என் தம்பி பேர் தெரிந்த பிறகுதான் இதை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது எனக்கு வலிக்குமே என்று அவள் தயங்கினாள். அவளுக்கு இருக்கிற ஈரம் உனக்கு இல்லை.

ஸ்நேகாவுக்கு ஒன்றும் ஆகாது என்கிறாய். வேலை போய்விட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்கிறாள். அவள் அப்பா தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் சொல்வதை ஒருத்தரும் நம்பவில்லை. கூடவே நின்ற மேஸ்திரிக்கு உதயாவிடம் வேலை வேண்டும், அவர் வாய் திறக்கமாட்டார். அன்றைக்கு நடந்ததைச் சொல்லக்கூடிய இன்னொரு ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான்.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போகிறேன். உன் பேரையும் விலாசத்தையும் போன் நம்பரையும் கொடுக்கப் போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு "கொடு" என்றாள்.

ஜோசலின்

---

புனே
15 நவம்பர் 2024

அக்கா,

அதிகாரி போன் பண்ணினார். இருபத்தேழாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். கொடுத்தேவிட்டாய்.

உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தக் கடிதம் போதாது. சொந்தத் தம்பியை. எனக்கும் வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. நீ ஒரு சைட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு முதலாளியை மிரட்டி ஒரு பட்டனை வைத்துவிட்டாய். அதை நூறு முதலாளிகளிடம் விற்றுப் பார்த்திருக்கிறாயா? ஒவ்வொருத்தனும் இதைக் கழற்று, அதைத் தளர்த்து என்கிறான். தளர்த்தாவிட்டால் அடுத்த கம்பெனிக்காரன் வாசலில் நிற்கிறான். மூன்று வருஷமாக நான் செய்கிற வேலை அதுதான். உனக்கென்ன, கடவுள் மாதிரி தாம்பரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம். போன் வந்தது.

பிள்ளையின் பள்ளிக்கூட விழாவில் இருந்தேன். மேடையில் பாட்டு. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். "இது சிவப்பாவே நிக்குது, எப்படி எடுக்கறது?" என்றார். எடுக்கும் வழியைச் சொன்னேன். என்ன வேலை, யார் அழுத்தினார்கள், ஏன் அழுத்தினார்கள் என்று கேட்கவில்லை. அவர் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "ப்ளீஸ் சார்" என்றது எனக்கும் கேட்டது. நான் பாட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

பால்கனி விழுந்த பிறகு உதயா எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார். என்னை அனுப்பினார்கள். ஸ்நேகாதான் எடுத்தாள் என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் கூட்டிப் போனார். அந்த அம்மா "நீயே பாத்துக்கோ" என்றபோது பையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த முகத்தோடு அம்மா முன்னால் வந்து எப்படி நிற்பேன்?

வருகிறேன். வந்து சொல்கிறேன். எங்கள் வக்கீல் வரக்கூடாது என்கிறார். வந்தால் வேலையில் இருக்கமாட்டேன் என்பதையும் நாகரிகமாகச் சொல்லிவிட்டார். உனக்குத் திருப்திதானே?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவேண்டாம்.

ஜேசன்

---

மேற்குத் தாம்பரம்
15 டிசம்பர் 2024

ஜேசன்,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மறுபடியும். நீ சுகமா? உன் வீட்டில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

அன்றைக்கு விசாரணை முடிந்து நீ வெளியே வந்தபோது நான் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றேன். நீ பார்த்தாய். நேராக ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாய். போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். வேலை போனது உன் மனைவி அம்மாவுக்குப் போன் பண்ணித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்குத் திருப்தியா என்று கேட்டிருந்தாய். இல்லை. ஒரு துளியும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உதயாவைக் கைது செய்து ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். ஸ்நேகா மேல் வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கம்பெனிக்கு வா என்று கூப்பிட்டேன். "இனிமே சைட் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன் மேடம்" என்றாள். நல்ல இன்ஜினியர். போய்விட்டாள். ரங்கன் வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டையை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வருகிறார். அதற்கு மேல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வந்து சாட்சி சொன்னதை முத்தாலம்மாளிடம் சொன்னேன். மீனை அறுத்துக்கொண்டே கேட்டாள். "பேசினது கரெக்டுதான் மேடம். அதுக்காக நான் மன்னிச்சிட்டேன்னு போய் சொல்லிடாத" என்றாள். சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்று எங்கள் ஆபீசுக்கு உன் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். டை கட்டிக்கொண்டு. புது வெர்ஷனாம், இருக்கிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் மாற்றித் தருகிறார்களாம். கோவிலம்பாக்கத்தில் ஓடிய அதே சரக்கு, ஒரு எழுத்து மாறவில்லை. "அவசரத்துக்கு நிறுத்தத்தை ஓனரே எடுத்துக்கலாம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். தட்சிணாமூர்த்தி சார் என் முகத்தைப் பார்க்காமல், "நல்ல வசதிதானேம்மா. எப்பவாவது தேவைப்படுமில்ல?" என்றார்.

இத்தனை வருஷம் அந்த மனுஷன் என் பேச்சில் இருந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டார் என்று நினைத்திருந்தேன். எடுக்க வழி தெரியாமல்தான் இருந்திருக்கிறார். நீ எழுதியது சரி. எல்லா முதலாளியும் அதையேதான் கேட்கிறார்கள்.

கோவிலம்பாக்கத்தில் நடந்ததை முழுசாகச் சொன்னேன். என் குரல் கீழ்த்தளம்வரை கேட்டிருக்கும். அந்தப் பையன் லேப்டாப்பை மூடிவிட்டான். சார் மட்டும் அசையவில்லை. "அது அவங்க கவனக்குறைவும்மா. நாம அப்படியா? இருபத்துமூணாம் தேதி உட்கார்ந்து முடிவு பண்ணலாம்" என்றார். நான் கத்துவது அவருக்குப் பழகிவிட்டது.

நீ பேசினால் கேட்பார். விற்றவன் நீ. எந்த முதலாளி எப்போது எந்த அவசரத்தில் அந்த மூன்று புள்ளியைத் தேடுவான் என்று உனக்குத்தான் தெரியும். அது எனக்குத் தெரியாது. இருபத்துமூன்றாம் தேதி திங்கட்கிழமை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் சொல். அவர் கேட்காவிட்டால் நான் ராஜினாமா கொடுக்கிறேன், அதையும் எழுதிவைத்துவிட்டேன். அப்போது வீட்டில் இரண்டு பேர் வேலையில்லாமல் இருப்போம். அம்மாவின் பென்ஷனில் அவள் திட்டைக் கேட்டுக்கொண்டு சாப்பிடலாம்.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. சீக்கிரம் போகாது. அதனால் வரமாட்டேன் என்று இருந்துவிடாதே.

அக்கா

---

புனே
18 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிடு, நான் வந்ததும் தேய்க்கிறேன்.

உன்மேல் எனக்கும் கோபம் போகவில்லை. நீ பேரைக் கொடுத்த அன்றைக்கு எனக்குக் காய்ச்சலே வந்தது. விசாரணை அறையில் "ஆமாம் சார், நான்தான் வழி சொன்னேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையோடு உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஆட்டோவில் ஏறினேன்.

சனிக்கிழமை சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் லோக்கல் பிடித்து வருகிறேன். திங்கட்கிழமை வாயைத் திறக்கவேண்டியது நான். நீ பக்கத்தில் இருந்தால் போதும், இடையில் கத்தாதே. தட்சிணாமூர்த்தி சாரிடம் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓனர் எடுத்தாலும் ஆபத்தில்லை என்று பொய் சொல்லித்தான் நான் அதை விற்றேன், அதை அவரிடமே ஒத்துக்கொள்ளப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரங்கன் வீட்டுக்குப் போகிறேன். மன்னிப்புக் கேட்க அல்ல. அந்த அம்மா திட்டுவதை எதிரில் உட்கார்ந்து கேட்கவேண்டும். முகவரியை மட்டும் அனுப்பு. நீ கூட வராதே.

உன் தம்பி
ஜேசன்